டிரைவருக்கு ஒரு ரூம்

விஜிலா: செருப்பைக் கழட்டாதீங்க!

செல்வின்: தரையைப் பாத்தியா? மொகம் தெரியுது. எப்பிடி மிதிக்க?

விஜிலா: இங்க உள்ளவுக மிதிச்சுக்கிட்டுத்தான் நடக்காக. மாட்டுங்க. வாச்மேன் பாக்கான்.

செல்வின்: அவனும் கழட்டித்தான் வச்சிருக்கான்.

விஜிலா: அவன் வாச்மேன். நீங்க கேப்டன்.

செல்வின்: ஏளா... நான் தோணித் தண்டல். முப்பது வருசமா தூத்துக்குடிக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம் ஏத்திக்கிட்டுப் போன ஆளு. கேப்டன்னு யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?

விஜிலா: தோணிய ஓட்டுனது நீங்கதானே? அப்பம் கேப்டன்தான். மரக்கப்பல்னு சொல்லல, கப்பல்னு சொன்னேன். ஒரு வார்த்தை விட்டுப்போச்சு.

செல்வின்: விட்ட வார்த்தை ஒண்ணுதான். சேத்த வார்த்தைதான் நெறைய.

விஜிலா: பைய பேசுங்க...

செல்வின்: 'நாங்களும் கோரல் கோர்ட்லதான் வீடு வாங்கியிருக்கோம்'னு சொன்னியே, அது?

விஜிலா: மாப்பிள்ளையோட அம்மா, அந்த பிளாரன்ஸ் மதினி, 'எங்களுக்கு சவுத் பீச் ரோடு, கோரல் கோர்ட் அபார்ட்மெண்ட்'னு சொல்லிட்டு என் மொகத்தையே பாத்தாக. திரேஸ்புரம், வாடகை வீடுன்னு கேட்டதும் காப்பிய பாதியில வச்சிட்டு எந்திரிச்சுப் போன சம்பந்தம் எத்தனை? எமில்டாவுக்கு இருபத்தொம்பது முடியப் போகுது. இந்த ஜாக்சன் தங்கமான பையன். அவளுக்கும் புடிச்சிருக்கு. என் வாயி தானாத் தொறந்துட்டு.

செல்வின்: தொறந்தது சரி. ஒரு தெரு தள்ளித் தொறக்கக் கூடாதா? அதே கட்டடம் எதுக்கு?

விஜிலா: வேற கட்டடத்துப் பேரு எனக்குத் தெரிஞ்சாத்தானே சொல்லுவேன்.

செல்வின்: நம்மகிட்ட இருக்கது பதினேழு லட்சம். இங்கன ஒரு வீடு ஒண்ணே கால் கோடி.

விஜிலா: அதுக்குத்தானே புரோக்கர். பதினெட்டுக்கு ஒண்ணு இருக்குன்னாரு. இன்னைக்கு அட்வான்ஸ் குடுத்து அக்ரிமெண்ட் போட்டாச்சுன்னா, நாளைக்கு அந்தப் பேப்பரைக் காட்டி கோயில் ஏட்டுல விலாசத்தை மாத்திருவேன். ஏடு எழுதுத உபதேசியார்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை பூசையில கலியாண அறிவிப்பு, முதல் ஓலை.

செல்வின்: ஓலையில ஊரைத்தானே வாசிப்பாக, தெருவையுமா வாசிப்பாக?

விஜிலா: நம்ம பங்குச் சாமி ஒண்ணு விடாம வாசிப்பாரு. 'திரேஸ்புரம், செல்வின் மகள் எமில்டாவுக்குக் கலியாணம்'னு பூசையில வாசிச்சாருன்னா, மாப்பிள்ளை வீட்டுக் கோயில்லயும் அதேதான். அம்புரோஸ் சம்பந்தி முன் பெஞ்சுல உக்காந்து கேப்பாரு. அத்தோட முடிஞ்சுது.

செல்வின்: ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஏன்? இப்பம் இந்த லிஃப்டு தொறந்து அவரு வந்தாருன்னாலே முடிஞ்சுது.

விஜிலா: அவுக மேல் மாடி. நேரா எறங்கி நேரா கார்ல ஏறுதவுக. நம்மளை எங்கன பாக்கப் போறாக? இங்காருங்க, புரோக்கர்கிட்ட டிரைவருக்கு ரூம் பாக்கோம்னு சொல்லியிருக்கேன்.

செல்வின்: எந்த டிரைவருக்கு?

விஜிலா: நம்ம டிரைவருக்கு.

செல்வின்: வண்டி?

விஜிலா: முதல்ல டிரைவர் வரட்டும்.

சுடலைக்கண்ணன்: வாங்க அண்ணாச்சி, வாங்க யக்கா! சுடலைக்கண்ணன். போன்ல பேசுன புரோக்கர் நாந்தான். டிரைவரைக் கூட்டிட்டு வரலியா?

விஜிலா: அவருக்கு லீவு.

சுடலைக்கண்ணன்: டிரைவருக்குச் சொந்தமா ரூம் வாங்கிக் குடுக்கவுகளை இன்னைக்குத்தான் பாக்கேன். மனசு வேணும் அண்ணாச்சி. இந்தப் பக்கம் வாங்க... லிஃப்டு வேண்டாம், கீழதான். கார் நிறுத்துத எடத்தைத் தாண்டி... தலை, தலை! பைப்பு. அவ்வளவுதான், வந்தாச்சு.

செல்வின்: கதவுல என்ன, மண்டையோடு?

சுடலைக்கண்ணன்: எங்கன?

செல்வின்: அந்தா. மண்டையோடு, கீழ ரெண்டு எலும்பு. 'அபாயம், 440 வோல்ட்'.

சுடலைக்கண்ணன்: திருஷ்டிக்கு அண்ணாச்சி. மத்த எடத்துல பூசணிக்காய்ல வரைஞ்சு தொங்க விடுவாக. இது பெரிய எடம்லா, தகரத்துல வரைஞ்சிருக்கு.

விஜிலா: இது ஜெனரேட்டர் ரூமுல்லா?

சுடலைக்கண்ணன்: இருந்துது யக்கா. ஆறு வருசம் முன்னால ஜெனரேட்டரைப் பின் பக்கம் கொண்டு போயிட்டாக. இப்பம் இது வீடு. தனிப் பத்திரம், தனி மீட்டர், தனித் தீர்வை ரசீது. கதவு நம்பர் சைபர், கோரல் கோர்ட், சவுத் பீச் ரோடு.

விஜிலா: சைபரா?

சுடலைக்கண்ணன்: பிளான்ல ஒண்ணுலேருந்து நம்பர் போட்டு முடிச்சுட்டாக. இது பொறவு மொளைச்சுது. மைனஸ் ஒண்ணுன்னு போடப் பாத்தாக. நாந்தான் சண்டை போட்டு சைபர் வாங்குனேன்.

செல்வின்: நடுவுல என்னவே அது, கல்லறை மாதிரி?

விஜிலா: சும்ம இருங்களேன்!

சுடலைக்கண்ணன்: ஜெனரேட்டர் உக்காந்த மேடை. கட்டிலா வச்சுக்கிடலாம். ஆறுக்கு நாலு, சுத்தமான கான்கிரீட். கரையான் அரிக்காது, திரும்பிப் படுத்தா கிரீச்சுன்னு கேக்காது. இப்பிடி ஒரு கட்டில் எந்தக் கடையிலயும் கெடைக்காது அண்ணாச்சி.

விஜிலா: சன்னலைக் காணலியே.

சுடலைக்கண்ணன்: அந்தா, சாய்ச்சு சாய்ச்சு தகடு வச்சிருக்குல்லா, அதான். ஜெனரேட்டருக்கே மூச்சு முட்டல, மனுசனுக்கா முட்டப் போகுது?

செல்வின்: மேல ரவுண்டா ஒரு ஓட்டை இருக்கு.

சுடலைக்கண்ணன்: புகை போகுதுக்கு விட்டது. இப்பம் நிலா பாக்கலாம்.

விஜிலா: குசினி எங்கன?

சுடலைக்கண்ணன்: நீங்க நிக்கது குசினி.

செல்வின்: அப்பம் நான் நிக்கது?

சுடலைக்கண்ணன்: ஹால்.

செல்வின்: அவ முழங்கை என் வயித்துல இடிக்குது.

சுடலைக்கண்ணன்: ஓப்பன் கிச்சன் அண்ணாச்சி. மேல ஒண்ணே கால் கோடி வீட்டுலயும் இதேதான்.

விஜிலா: இந்த அடுப்பு சூடா இருக்கு. இப்பம்தான் யாரோ சோறு வடிச்சிருக்காக.

சுடலைக்கண்ணன்: அது... ஜெனரேட்டர் சூடு யக்கா.

செல்வின்: எடுத்து ஆறு வருசமாச்சுன்னீரு?

சுடலைக்கண்ணன்: நல்ல கம்பெனி ஜெனரேட்டர் அண்ணாச்சி.

விஜிலா: யாரு தங்கியிருக்காக? நெசத்தைச் சொல்லும்.

சுடலைக்கண்ணன்: ஓனரு மேல இருக்காரு. இதை அவரு டிரைவருக்கு விட்டிருக்காராம். அப்பிடித்தான் என்னைச் சொல்லச் சொன்... அப்பிடித்தான் சொன்னாரு. ரெண்டு மாசத்துக்கு முன்னால வரை விக்கவே மாட்டேன்னு நின்ன மனுசன். திடீர்னு போனப் போட்டு, 'ஏலே சுடலை, எவன் வந்தாலும் சரி, சீக்கிரம் தள்ளி விடு, இந்தக் கட்டடமே எனக்கு வேண்டாம்'ங்காரு.

செல்வின்: ஏனாம்? தண்ணி ஏறுமோ?

சுடலைக்கண்ணன்: மாதா மேல சத்தியமா ஏறாது.

செல்வின்: உமக்கு எதுக்கு மாதா?

சுடலைக்கண்ணன்: பார்ட்டிக்கு எந்தச் சாமியோ அதுமேலதான் சத்தியம் பண்ணணும். தொழில் அண்ணாச்சி. இருங்க, ஓனரைக் கூட்டிட்டு வாரேன். நேருக்கு நேர் பேசி முடிச்சுருவோம்.

செல்வின்: ...பதினாலுக்குப் பதினொண்ணு இருக்கும்.

விஜிலா: என்னது?

செல்வின்: இந்த ரூம். தோணியில இதுல பாதி எடத்துல ஒம்பது பேரு படுப்போம். போறதுக்கு நாலு நாளு, வாரதுக்கு நாலு நாளு. மழை பேஞ்சுதுன்னா ஒருத்தன் மேல ஒருத்தன். எனக்கு இது மைதானம்.

விஜிலா: குடியிருக்கவா வாங்குதோம்? விலாசத்துக்கு வாங்குதோம். பேரு இங்கன இருக்கட்டும், நாம திரேஸ்புரத்துல இருப்போம்.

செல்வின்: சம்பந்தி வீட்டுக்காரவுக, 'வாங்குன வீட்டைப் பாக்கணும்'னா?

விஜிலா: இதுவரை ஒரு தடவை கேட்டாகளா? பொண்ணு பாக்கதையே பனிமய மாதா கோயில் வளாகத்துல வச்சுக்கிடுவோம்னு அவுகளேதான் சொன்னாக.

செல்வின்: அவுக வீட்டுக்கும் நம்மளைக் கூப்பிடல.

விஜிலா: பெரிய எடத்துல அப்பிடித்தான். கூப்பிடவும் மாட்டாக, வரவும் மாட்டாக. அதான் நாகரிகம்.

செல்வின்: எமில்டா தெனம் அந்தப் பையன்கூட போன்ல பேசுதா. வாய் தவறி எதையாவது...

விஜிலா: சொல்லி வச்சிருக்கேன். சினிமா பேசு, பாட்டு பேசு, வீட்டைப் பத்தி மட்டும் பேசாதன்னு. அந்தப் பையனும் வீட்டுப் பேச்சு வந்தா பேச்சை மாத்திருதானாம். நல்ல வளர்ப்பு.

செல்வின்: பதினேழையும் இந்தப் பொந்துக்குள்ள போட்டுட்டா, கலியாணத்தை எதை வச்சு நடத்த?

விஜிலா: முதல்ல அது நின்னு போகாம இருக்கட்டும். நடத்துததப் பத்திப் பொறவு அழுவோம்.

செல்வின்: சரி, நான் பேசுதேன். பதிமூணுல ஆரம்பிப்பேன், பதினஞ்சைத் தாண்ட மாட்டேன். மாலியில வியாபாரிககிட்ட மல்லுக்கட்டுன வாயி இது.

விஜிலா: பதினேழுக்கு மேல ஒரு ரூவா கெடையாது. எனக்குத் தெரியாம எங்கனயாவது வச்சிருக்கீங்களா?

செல்வின்: உனக்குத் தெரியாம மூச்சே விட்டதில்ல.

சுடலைக்கண்ணன்: அண்ணாச்சி, வந்துட்டாரு! இதான் ஓனரு.

அம்புரோஸ்: வணக்கம் வணக்கம். ரூம் சின்னதுதான், ஆனா காத்து...

விஜிலா: மாதாவே!

செல்வின்: அம்புரோஸ் சம்பந்தி!

அம்புரோஸ்: ச... சம்பந்தி? நீங்க... இங்கன...

சுடலைக்கண்ணன்: அட, சம்பந்தியா! அப்பம் நடுவுல நான் எதுக்கு? இல்ல இல்ல, கமிஷன் கமிஷன்தான்.

விஜிலா: டிரைவருக்கு ரூம் பாக்க வந்தோம் சம்பந்தி.

அம்புரோஸ்: டிரைவருக்கா! நல்லது, நல்லது. நானும்... இது எங்க டிரைவர் ரூமுதான். சும்மா கெடக்குதேன்னு விக்கேன்.

செல்வின்: சின்ன ஓட்டை ஒடசலை எல்லாம் வச்சுக்கிட்டு எதுக்கு, இல்லியா?

அம்புரோஸ்: அதானே.

விஜிலா: உங்க டிரைவர் எங்க போவாரு, பாவம்?

அம்புரோஸ்: அவரு... அவரு மேல எங்க கூடயே இருந்துக்கிடுவாரு.

சுடலைக்கண்ணன்: எங்கன மேல அண்ணாச்சி?

அம்புரோஸ்: சுடலை, நீ கொஞ்சம் வாயை மூடுதியா? சம்பந்தி, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி காப்பி குடுக்கணும். பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்காக. வாடை உங்களுக்குச் சேராது.

விஜிலா: ஐயோ, பரவால்ல. நாங்களே உங்களைக் கூப்பிட்டிருக்கணும். வாங்குன வீட்டுல டைல்ஸ் ஒட்டுதாக. ஒரே தூசி.

அம்புரோஸ்: எத்தனாவது மாடி சம்பந்தி நீங்க வாங்கியிருக்கது?

செல்வின்: மேல.

அம்புரோஸ்: மேலன்னா?

செல்வின்: நல்ல மேல.

சுடலைக்கண்ணன்: மொத்தமே ஆறு மாடிதானே. அதுக்கு மேல தண்ணித் தொட்டி.

விஜிலா: தொட்டிக்குக் கீழ.

அம்புரோஸ்: அப்பம் எங்களுக்குப் பக்கத்துலதான். எப்பம்... எப்பம் குடி வாரீங்க?

விஜிலா: டைல்ஸ் முடியணும்.

அம்புரோஸ்: கலியாணத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?

செல்வின்: ஏன் சம்பந்தி, நாங்க வாரது உங்களுக்கு...

அம்புரோஸ்: சந்தோசம்! சந்தோசத்துலதான் கேக்கேன்.

சுடலைக்கண்ணன்: அண்ணாச்சிகளா, மாடியப் பொறவு பேசலாம். இப்பம் இந்த ரூமுக்கு வருவோம். ஓனர் சொன்னது பதினெட்டு. நீங்க எவ்வளவுன்னு சொல்லுங்க செல்வின் அண்ணாச்சி.

செல்வின்: பதி...

விஜிலா: சொல்லுங்க.

செல்வின்: பதி... சம்பந்திகிட்ட எப்பிடிளா குறைச்சுக் கேக்க? பதினெட்டே இருக்கட்டும்.

அம்புரோஸ்: சே, சே! வெளி ஆளுக்குத்தான் பதினெட்டு. உங்ககிட்ட போயி அவ்வளவு வாங்கவா? பதினஞ்சு குடுங்க, போதும்.

செல்வின்: என்ன சம்பந்தி, நாங்க என்ன இல்லாதவுகளா? இருபதா வாங்கிக்கிடுங்க.

விஜிலா: என்னங்க...

அம்புரோஸ்: இருபதா? ஒரு டிரைவர் ரூமுக்கா? நாளைக்கு நம்ம சனம் என்ன பேசும்? பன்னெண்டு.

செல்வின்: இருபத்தி ரெண்டு.

விஜிலா: என்னங்க, கொஞ்சம் இங்க பாருங்க.

அம்புரோஸ்: பத்து. அதுக்கு மேல ஒரு ரூவா வாங்க மாட்டேன்.

செல்வின்: இருபத்தஞ்சு. அதுக்குக் கீழ ஒரு ரூவா குடுக்க மாட்டேன்.

சுடலைக்கண்ணன்: இருங்க, இருங்க! இருபத்தி மூணு வருசமா புரோக்கரா இருக்கேன். விக்கவரு எறங்க, வாங்கவரு ஏற... நான் யாரைச் சமாதானப்படுத்த? ரெண்டு பேரும் எதுத்தாப்புல வந்து முட்டுவீகன்னு பாத்தா, முதுகைக் காட்டிக்கிட்டு ஓடுதீங்களே!

அம்புரோஸ்: எட்டு.

செல்வின்: முப்பது.

சுடலைக்கண்ணன்: அம்புரோஸ் அண்ணாச்சி, என் கமிஷன் ரெண்டு பர்சென்ட். எட்டுலயா, முப்பதுலயா?

அம்புரோஸ்: போதும் சுடலை. துட்டே வேண்டாம். சம்பந்தி, சும்மாவே வச்சுக்கிடுங்க. எங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

செல்வின்: ...சும்மாவா?

அம்புரோஸ்: சும்மாதான்.

சுடலைக்கண்ணன்: சும்மாவுல ரெண்டு பர்சென்ட்டுக்கு நான் எங்க போக?

செல்வின்: ஏளா... சும்மா தாராராம். பதினேழும் அப்பிடியே கையில இருக்கும்...

விஜிலா: எனக்குக் காது கேக்குது.

செல்வின்: ஒரு 'சரி' சொன்னாப் போதும்.

சுடலைக்கண்ணன்: ஆமா யக்கா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க. சும்மா குடுக்கவரு கையெழுத்துப் போடட்டும். இல்ல, முப்பது குடுக்கவரு அட்வான்ஸை எடுத்து மேடையில வைக்கட்டும். எனக்கு மத்தியானம் பிரையண்ட் நகர்ல இன்னொரு பார்ட்டி இருக்கு. என்ன, ரெண்டு பேரும் அசைய மாட்டேங்கீங்களே.

விஜிலா: சம்பந்தி... ஏன் உங்க கண்ணு கலங்குது?

அம்புரோஸ்: பெயிண்ட் வாடை மதினி.

விஜிலா: பெயிண்ட் மேலல்லா அடிக்காக?

அம்புரோஸ்: அது... எறங்கி வருது.

விஜிலா: போதும்.

செல்வின்: விஜிலா, வேண்டாம். யோசிச்சுப் பேசு.

விஜிலா: யோசிச்சு யோசிச்சுத்தானே இங்கன வந்து நிக்கோம்! ஒரு மனுசன் தன் சொத்தைத் தூக்கி நம்ம கையில குடுத்துட்டு நிக்காரு, நாம வாங்கி மடியில கட்டிட்டுப் போகவா? சம்பந்தி, இங்க பாருங்க. எங்களுக்கு டிரைவர் கெடையாது.

அம்புரோஸ்: லீவுலயா?

விஜிலா: கெடையவே கெடையாது. வண்டியும் கெடையாது. மேல வீடும் கெடையாது, டைல்ஸும் கெடையாது. திரேஸ்புரத்துல ஓட்டு வீடு, அதுவும் வாடகை. இவுக கேப்டன் இல்ல, தோணித் தண்டல். பிளாரன்ஸ் மதினி கோரல் கோர்ட்டுன்னு சொன்னதும், 'நாங்களும் அங்கனதான் வாங்கியிருக்கோம்'னு எவ வாயோ மாதிரி என் வாயி சொல்லிட்டு. அந்தப் பொய்ய நெசமாக்கத்தான் இந்த ரூமைப் பாக்க வந்தோம். இருக்கது பதினேழு லட்சம். இவுக முப்பதுன்னதெல்லாம் காத்து.

செல்வின்: அந்த நேரம் வாயில வந்துட்டு.

விஜிலா: குடும்பத்துக்கே அந்த நோய்தான். சம்பந்தி, எம்பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அவ உங்க மகன்கிட்ட ஒரு பொய் சொல்லல, வீட்டைப் பத்தி வாயே தொறக்கல. தப்பெல்லாம் என் மேலதான். நாளன்னைக்கு ஓலை வாசிக்க வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க. நான் போயி சாமியார்கிட்ட சொல்லிக்கிடுதேன். கோயில்ல அத்தனை சனத்துக்கு முன்னால மட்டும் அவ தலை குனிஞ்சு நிக்க வேண்டாம்.

சுடலைக்கண்ணன்: ...நான் வேணும்னா கொஞ்சம் வெளிய நிக்கட்டுமா?

செல்வின்: எதுனாலும் வாயத் தொறந்து சொல்லுங்க சம்பந்தி. நீங்க பெரிய எடம். எங்களை இப்பிடிக் கண்ட பொறவு வேண்டாம்னு சொன்னாலும் நாங்க குத்தமா நினைக்க மாட்டோம்.

அம்புரோஸ்: என்ன பெரிய எடம் சம்பந்தி... நான் இந்தக் கட்டடத்துல ஜெனரேட்டர் ஓட்டுன ஆளு. எட்டு வருசச் சம்பளப் பாக்கிக்குப் பதிலா கட்டுனவரு இந்த ரூமை எழுதிக் குடுத்தாரு. மேல எங்களுக்கு ஒண்ணும் கெடையாது. அந்தச் சோறு பிளாரன்ஸ் வடிச்சது. வாங்க வாரவுகளுக்கு நாங்க இங்கன குடியிருக்கது தெரியக் கூடாதுன்னுதான் அவ பின்னால மோட்டார் ரூம்ல ஒளிஞ்சு நிக்கா. நீங்களும் இதே கட்டடத்துக்குக் குடி வாரோம்னு சொன்ன அன்னைக்குப் போச்சு எங்க தூக்கம். வந்து பாத்தா மானம் போயிரும், எம்மகன் கலியாணம் நின்னுரும்னுதான் அவசர அவசரமா இதை விக்கவே கெளம்புனோம். இனிமே எதுக்கு விக்க? உங்க பதினேழு உங்ககிட்டயே இருக்கட்டும், ஓலையில திரேஸ்புரம்னே வாசிக்கட்டும்... இப்பமே எங்க நாலு பேருக்கு நாலு பாய் விரிச்சா கதவு தொறக்க முடியல மதினி, எமில்டாவுக்கு அஞ்சாவது பாயை எங்கன விரிக்கன்னு மட்டும் ஒரு வழி சொல்லிட்டுப் போங்க.